பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கு அப்பால்: குடும்ப நலப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தொண்டு நிறுவனத்தில் குடும்ப நலப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை பேருக்குக் கொடுக்கணும்?" நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாதம் களத்தில் அலைந்தபின் அவர்களே கேள்வியை மாற்றிக்கொள்வார்கள்: "வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்தா யார் பார்ப்பாங்க?" அப்படிக் கேட்கத் தொடங்கியவருக்கு இந்த வேலை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

மருத்துவமனை எட்டாத, நர்ஸ் பணியிடம் காலியாகவே கிடக்கிற, மருந்துப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத இடங்களில் கருத்தடைச் சேவையைக் கொண்டுசேர்க்கும் சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவப் பயிற்சிக்கு இது மாற்று ஆகாது. கருத்தடை ஊசி போடுவதையும் கருப்பைக்குள் காப்பர்-டி வைப்பதையும் உரிய பயிற்சியில்தான் கற்க வேண்டும். அந்தப் பயிற்சியில் சொல்லித்தராத விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றைப் பேசலாம்.

தொடங்கும் முன்: பழைய கதை தெரிந்திருக்கட்டும்

நீங்கள் போய் நிற்கிற ஊரில் உங்களுக்கு முன்பே யாரோ வந்து போயிருப்பார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கான பலனை நீங்கள் அனுபவிப்பீர்கள். இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பலவற்றின் பின்னால் மிரட்டலும் வற்புறுத்தலும் இருந்தன. பெரு நாட்டில் 1990-களின் பிற்பாதியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. சம்மதம் கேட்கப்படவே இல்லை என்று ஆயிரக்கணக்கான பழங்குடிப் பெண்கள் பிறகு புகார் கொடுத்தார்கள். இலக்கு வைத்து ஆள் பிடித்தால் இங்கேதான் போய் முடியும்.

எத்தனை குழந்தைகள், எப்போது என்பதைத் தம்பதியரே முடிவு செய்யலாம் என்பதை 1968-இல் டெஹ்ரானில் நடந்த மனித உரிமை மாநாடு ஏற்றுக்கொண்டது. 1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு பேச்சை மக்கள்தொகை எண்ணிக்கையிலிருந்து பெண்ணின் உரிமைக்கும் உடல்நலத்துக்கும் திருப்பியது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் விஷயம் என்று தோன்றலாம். ஆனால் உங்கள் நிறுவனத்தின் உள்விதிகளில் இரண்டு வரி எழுத இவை கைகொடுக்கும். ஒன்று, எந்தப் பணியாளருக்கும் ஆள் எண்ணிக்கையில் இலக்கு கிடையாது. இரண்டு, சாதனம் ஏற்றுக்கொள்பவருக்கோ அழைத்துவருபவருக்கோ தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கிடையாது. முதல் பணியாளரை எடுப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் எழுதிவையுங்கள். பிறகு எழுத மனம் வராது.

படி 1: ஏன் வரவில்லை என்று கேளுங்கள்

உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள 190 கோடிப் பெண்களில் 110 கோடிப் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தேவை இருக்கிறது. 16.4 கோடிப் பேருக்கு அந்தத் தேவை நிறைவேறவில்லை. அதாவது இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்கிறார்கள், ஆனால் எந்த முறையையும் பயன்படுத்தவில்லை.

இதைக் கேட்டவுடன் 'தூரம்தான் காரணம், வண்டி வாங்கினால் சரியாகிவிடும்' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில் பெண்கள் சொன்ன காரணங்களைப் பார்த்தால் தூரமும் செலவும் பட்டியலின் அடியில் கிடக்கின்றன. மேலே இருப்பவை வேறு: பக்க விளைவு பற்றிய பயம், கணவர் வெளியூரில் இருப்பதால் 'எனக்கு எதற்கு' என்ற எண்ணம், பால் கொடுக்கும்போது கரு தங்காது என்ற நம்பிக்கை, வீட்டில் எதிர்ப்பு. வண்டி போய் நின்றாலும் பயம் இறங்காது. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஊசி போட்டபின் இரண்டு மாதம் ரத்தம் திட்டுத் திட்டாகப் பட்டு, கேட்க ஆளில்லாமல் தவித்த ஒரு பெண் அந்தத் தெருவில் இருந்திருப்பார். அவருக்கு நடந்ததைத் தெரு முழுக்க அறிந்திருக்கும்.

முதல் மாதத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, பத்துப் பதினைந்து பெண்களிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முன்பு ஏதாவது முறையைப் பயன்படுத்தி விட்டுவிட்டவர்களாக அதில் பாதிப்பேர் இருக்கட்டும். ஒருபோதும் பயன்படுத்தாதவரைவிட விட்டுவிட்டவர்தான் உங்களுக்கு நல்ல ஆசிரியர். இரண்டு, ஒரு பெண்ணுடன் அவர் வீட்டு வாசலிலிருந்து சுகாதார நிலையம் வரை போய்த் திரும்புங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே காத்திருந்தார், குழந்தையை யாரிடம் விட்டார், வரிசையில் யார் பார்த்துவிடுவார்களோ என்று எங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஆறு கிலோமீட்டராகத் தெரிவது நடைமுறையில் ஒரு முழுநாள் கூலியாக இருக்கும்.

படி 2: அரசு செய்வதற்குப் பக்கத்தில் நில்லுங்கள்

எந்தப் பணியாளர் எதைக் கொடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் கிராமப் பணியாளரே ஊசி போடலாம், சில இடங்களில் மாத்திரையைத் தொடரக் கொடுக்கலாம், புதிதாகத் தொடங்கிவைக்கக் கூடாது. இதையும் வயது, சம்மதம் பற்றிய சட்டங்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணவர் கையெழுத்து வேண்டும் என்று நிலையத்தில் சொன்னால் அது சட்டமா பழக்கமா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பழக்கமாகவே இருக்கும்.

அரசு நிலையம் கொடுப்பதையே நீங்களும் தனியாகக் கொடுக்கத் தொடங்கினால், திட்டம் முடிந்து நீங்கள் கிளம்பும் நாளில் இரண்டுமே இருக்காது. அங்கே இல்லாத நாள், இல்லாத ஆள், இல்லாத முறை எதுவோ அதுதான் உங்கள் பங்கு.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுப்பது

வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் நடந்ததைப் புதியவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-இல் அங்கே வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பயன்பாடு ஏறியது, பிறகு மளமளவென்று இறங்கியது. கொடுத்தவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, தேர்ந்தெடுக்க வேறு முறைகள் இல்லை, தலைசுற்றுகிறது என்று சொன்னால் கேட்க ஆளில்லை. 1977-இல் திட்டத்தை மாற்றினார்கள். அதே ஊர்களைச் சேர்ந்த, ஓரளவு படித்த, தாங்களே கருத்தடை முறை பயன்படுத்துகிற திருமணமான பெண்களைப் பணியில் வைத்தார்கள். ஊசி உட்படப் பல முறைகளை எடுத்துச் சென்றார்கள். தவறாமல் மறுபடி வீட்டுக்குப் போனார்கள். பக்க விளைவு என்றால் மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு இருந்தது. இரண்டு ஆண்டுக்குள் பயன்பாடு 30 சதவீதத்தைத் தொட்டது. அதே மக்கள், அதே வறுமை, கிட்டத்தட்ட அதே மாத்திரைகள்தான். மறுபடி வந்து கதவைத் தட்டும் ஆள் மட்டும் புதிது.

ஆகவே ஆளெடுக்கும்போது சான்றிதழ் எடையைவிட இதைப் பாருங்கள்: இவரிடம் ஒரு பெண் ரகசியம் சொல்வாரா? ஊரில் பெரிய வீட்டு மருமகள் என்பதற்காக ஒருவரை வைத்துவிட்டு, பின்தெருவிலிருந்து ஒருவர்கூட வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று மாத்திரை கேட்க யாருக்கும் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

சங்கோசத்தை உடைக்க வேறு வழிகளும் உண்டு. தாய்லாந்தில் மெச்சாய் விரவைத்யா 1974-இல் தொடங்கிய அமைப்பு ஊர்க் கடைக்காரர்களையே விநியோகஸ்தர்களாக்கியது. ஆணுறையை ஊதும் போட்டி வைத்துச் சிரிக்கவைத்தது. எல்லா ஊரிலும் இது எடுபடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரிப்பு வந்த இடத்தில் வெட்கம் கொஞ்சம் விலகும்.

படி 4: பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்

குறைந்தது ஒரு குறுகிய கால முறை, ஒரு நீண்ட கால முறை, ஹார்மோன் இல்லாத ஒன்று, ஆணுக்கான ஒன்று, உறவுக்குப் பிறகு போடும் அவசர மாத்திரை. இவற்றில் நீங்கள் கொடுக்க முடியாததை வேறு யார் எங்கே எந்தக் கிழமை கொடுக்கிறார்கள் என்பது உங்கள் பணியாளரின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஒரே ஒரு முறையை மட்டும் வைத்துக்கொண்டு 'விருப்பம்போல் தேர்ந்தெடுங்கள்' என்பது கேலி.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு நம்பகமானது என்பதை, நடைமுறையில் மறதியும் தவறும் கலந்து பயன்படுத்தும்போது 100 பெண்களில் ஓராண்டில் எத்தனை பேர் கருத்தரிக்கிறார்கள் என்று சொல்வது வழக்கம். கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளாண்ட் குச்சியில் 1-க்கும் குறைவு, காப்பர்-டியிலும் 1-க்கும் குறைவு, மூன்று மாத ஊசியில் சுமார் 4, மாத்திரையில் 7, ஆணுறையில் 13, வெளியே விடும் முறையில் 20. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு எல்லோரையும் குச்சியின் பக்கம் தள்ளாதீர்கள். ஆணுறை மட்டும்தான் பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும். ஊசிக்காரருக்கு வீட்டில் தடயம் எதுவும் இருக்காது. மாத்திரைக்காரர் யாரையும் கேட்காமல் நாளைக்கே நிறுத்திக்கொள்ளலாம். நம்பகத்தன்மையோடு இவையும் அந்தப் பெண்ணின் தராசில் இருக்கும் எடைகள்.

சொல்ல மறக்கும் மூன்று விஷயங்கள் உண்டு. ஊசியை நிறுத்தியபின் கரு தங்க மற்ற முறைகளைவிடச் சராசரியாக நான்கு மாதம் கூடுதலாகும். ஆறு மாதத்தில் அடுத்த குழந்தை வேண்டும் என்பவரிடம் இதைச் சொல்லாமல் ஊசி போடுவது துரோகம். ஆணுக்கான அறுவைச் சிகிச்சை பலன் தர மூன்று மாதம் ஆகும், அதுவரை வேறு முறை வேண்டும். தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்ய மூன்று நிபந்தனையும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிலக்கு திரும்பவில்லை. ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறை.

யாருக்கு எது பாதுகாப்பானது என்பதற்கு உலக சுகாதார அமைப்பு 1 முதல் 4 வரை தகுதி வரிசை வைத்திருக்கிறது. 1, 2 என்றால் கொடுக்கலாம். மருத்துவர் இல்லாத இடத்தில் 3, 4 இரண்டையுமே 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டு மாத்திரை தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பாருங்கள், 140/90-ஐத் தொட்டுவிட்டால் வேறு முறைக்குப் போங்கள். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத பாலூட்டும் தாய்க்கும், தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கீற்று தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் அந்த மாத்திரை கூடாது. இந்த வரிசையைச் சுழலும் அட்டைச் சக்கரமாக அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பையிலும் ஒன்று இருக்கட்டும்.

படி 5: உட்கார்ந்து பேசும் அந்தப் பதினைந்து நிமிடம்

இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன. ஒரு காட்சி சொல்கிறேன். இடுப்பில் குழந்தையோடு வந்த பெண் மூன்று மணி நேரம் காத்திருந்து முறை வந்து உட்கார்கிறார்.

"கடைசியா எப்பம்மா குளிச்சீங்க?"

"இருபது நாள் இருக்கும்."

"அப்ப அடுத்த தடவை வந்ததும் வாங்க. இப்ப ஆரம்பிக்க முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். விதிப்படிதான் நடந்தோம் என்று நர்ஸ் நினைத்தார். கரு இல்லை என்று உறுதியாகத் தெரிய மாதவிலக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லித்தரப்பட்ட விதி. ஆனால் அடுத்த மாதம் அந்தப் பெண் கர்ப்பமாகத்தான் வந்தார்.

இதைத் தவிர்க்க ஆறு கேள்விகள் போதும். பரிசோதனைப் பட்டைகூடத் தேவையில்லை. கடைசி மாதவிலக்கு தொடங்கி ஏழு நாளுக்குள்ளா? கடந்த நான்கு வாரத்துக்குள் பிரசவமானதா? ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் இன்னும் வராமல் இருக்கிறாரா? ஏழு நாளுக்குள் கரு கலைந்ததா? கடைசி மாதவிலக்குக்குப் பிறகு கணவருடன் சேரவே இல்லையா? நம்பகமான வேறு முறையைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாரா? ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்து, கர்ப்ப அறிகுறியும் இல்லையென்றால் அன்றே தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் கர்ப்பம் என்று அர்த்தமில்லை. இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது, அவ்வளவுதான். பரிசோதித்துப் பார்க்கலாம். அல்லது ஆணுறை கொடுத்து, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். வெறுங்கையோடு மட்டும் அனுப்பக் கூடாது.

மற்றபடி பேச்சில் ஒரே ஒரு ஒழுங்கு: முதலில் அவர் பேசட்டும். 'என்ன நினைச்சு வந்தீங்க?' என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. பலர் ஏற்கெனவே முடிவு செய்துதான் வருகிறார்கள். பன்னிரண்டு முறைகளையும் படம் காட்டி ஒப்பித்தால் குழம்பிப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முடிவு செய்தாயிற்று என்றால் அந்த முறையைப் பற்றித்தான் ஆழமாகப் பேச வேண்டும்: ரத்தப்போக்கு எப்படி மாறும், எது சாதாரணம், எதற்கு உடனே ஓடிவர வேண்டும். 'ஊசி போட்டா மாசாமாசம் வராமலே போகலாம், அழுக்கு உள்ளே தங்கிடாது, பயப்படாதீங்க' என்று முன்கூட்டியே சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் இடையே மூன்றாம் மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

அறைக்குக் கதவு இல்லையென்றால் திரையாவது வேண்டும். மாமியார் கூட வந்தால் அவரை மரியாதையாக வெளியே உட்காரவைக்க ஒரு ஆளும் ஒரு நாற்காலியும் வேண்டும். நினைவூட்டத் தொலைபேசி எண் வாங்கும்போது, 'இந்த நம்பரை வேற யார் எடுப்பாங்க? எடுத்தா நான் யாருன்னு சொல்லணும்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பமாட்டார்கள். நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம், தேதியை மனப்பாடமாகச் சொல்லி அனுப்பலாம். கல்யாணமாகாத பெண் வந்தால் பணியாளரின் புருவம் உயரக் கூடாது. இதைப் பயிற்சியில் நடித்துக் காட்டித்தான் சொல்லித்தர முடியும்.

கணவர்களை மறந்துவிட வேண்டாம். நைஜரில் 'கணவர்கள் பள்ளி' என்ற பெயரில் ஆண்கள் கூடித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழுக்கள் நடந்தன. ஆண்களுக்கு ஆண்கள் சொன்னால் ஏறுகிறது. சீனாவின் சிச்சுவானில் 1974-இல் மருத்துவர் லி ஷுன்ச்சியாங் உருவாக்கிய கத்தியில்லா முறையில் ஆணுக்கான கருத்தடை சில நிமிட வேலைதான், பெண்ணுக்கான அறுவைச் சிகிச்சையைவிட எளிது, ஆபத்தும் குறைவு. ஆனாலும் உலகம் முழுக்க அறுவைக் கட்டிலில் படுப்பது பெரும்பாலும் பெண்கள்தான்.

படி 6: இருப்பு அறை

யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலை.

ஒரு நிலையத்தின் அலமாரியில் புதிய மாத்திரை அட்டைகள் அழகாக அடுக்கியிருந்தன. கையை உள்ளே விட்டுப் பின்வரிசையை இழுத்தால், காலாவதியாகி ஐந்து மாதமான நாற்பது அட்டைகள். வந்த பெட்டியை முன்னால் வைத்து முன்னாலிருந்தே எடுத்துக் கொடுத்ததன் விளைவு. விதி எளிது: எது முதலில் காலாவதியாகுமோ அது முன்னால். பெட்டி வந்தவுடன் காலாவதி மாதத்தைத் தடித்த பேனாவில் வெளியே பெரிதாக எழுதுங்கள். தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. ஆணுறைப் பெட்டியை வெயிலிலும் டியூப்லைட், மோட்டார் பக்கத்திலும் வைக்காதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். ஊசி மருந்துக் குப்பிகள் நிமிர்ந்தே நிற்கட்டும்.

எவ்வளவு கேட்டு எழுதுவது? மாதச் சராசரிச் செலவு என்ன என்று பாருங்கள். ஒரு மாதம் 40 ஊசி, அடுத்த மாதம் 50, மூன்றாம் மாதம் பூஜ்யம் என்றால் சராசரி 30 என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் மாதம் பூஜ்யமானது யாரும் கேட்காததால் இல்லை, மருந்து இல்லாததால். அந்த மாதத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 45. கையில் 180 இருந்தால் நான்கு மாதத்துக்கு வரும். கேட்டு எழுதிச் சரக்கு வந்துசேர இரண்டு மாதம் ஆகும் என்றால், மூன்று மாத இருப்புக்கு இறங்கும்போதே எழுதிவிட வேண்டும். இந்த ஒரு தவறான சராசரியால் ஒவ்வொரு காலாண்டும் குறைவாகக் கேட்டு, குறைவாக வாங்கி, மறுபடி தீர்ந்துபோய், ஆண்டுக்கணக்கில் பஞ்சத்திலேயே ஓடும் நிலையங்கள் உண்டு. மேலிடத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், பிழை தங்கள் காகிதத்தில் இருக்கும்.

ஊசி தீர்ந்துபோன வாரத்தில் வரும் பெண்ணுக்கு ஒரு ஆறுதல் உண்டு: தவணை தேதி தாண்டி நான்கு வாரம் வரை அடுத்த ஊசியைப் போடலாம். அந்தக் கெடுவைப் பணியாளரும் தெரிந்திருக்க வேண்டும், பெண்ணும் தெரிந்திருக்க வேண்டும். தாமே போட்டுக்கொள்ளும் சிறிய ஊசியும் இப்போது இருக்கிறது, அதை 2019-இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால், ஒருமுறை கற்றுக்கொடுத்து அடுத்த மூன்று தவணைக்கான மருந்தைக் கையில் கொடுத்தனுப்புவது பஸ் போகாத ஊருக்குப் பெரிய உபகாரம்.

படி 7: நடமாடும் முகாமும் 'எடுத்துவிடுங்கள்' என்ற சொல்லும்

மாதம் ஒருமுறை வண்டியில் போய்க் குச்சியோ காப்பர்-டியோ வைத்துவிட்டு வருவது பார்ப்பதற்கு வெற்றியாக இருக்கும். ஒரு நாளில் அறுபது பேர், நல்ல புகைப்படம், நல்ல அறிக்கை. கூட்டம் அதிகமானால் முதலில் கைவிடப்படுவது சுத்தமும் நிதானமும். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் 2014 நவம்பரில் நடந்த கருத்தடை முகாம்களில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 80-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். முகாமுக்குப் போனவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு எழுதி வாசலில் ஒட்டுங்கள். மீதிப்பேருக்குத் தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் தவறாமல் வாருங்கள்.

அதைவிட முக்கியமானது எடுப்பது. குச்சி மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ இருக்கும், காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுக்கு மேலும் வேலை செய்யும். ஆனால் ஒரு பெண் ஏழாம் மாதத்திலேயே வந்து கேட்பார்.

"எடுத்துடுங்கக்கா."

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கே, எதுக்கு வீணாக்கறீங்க?"

"இல்லக்கா, எடுத்துடுங்க."

"கொஞ்ச நாள் பாருங்க, சரியாயிடும்."

இந்தப் பேச்சு நடக்காத நிலையம் அபூர்வம். நர்ஸ் கெட்டவர் என்பதால் இப்படிப் பேசவில்லை. வைத்தால் அறிக்கையில் ஒன்று கூடுகிறது, எடுத்தால் ஒன்றும் கூடுவதில்லை. எடுக்கத் தேவையான மரப்பு மருந்தும் சிறிய வளைந்த இடுக்கியும் அன்று பெட்டியில் இல்லை என்பதும் உண்மையாக இருக்கும். ரத்தப்போக்கு தொந்தரவுக்குத் தீர்வு சொல்லலாம், 'இன்னும் கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கிறீங்களா?' என்று ஒருமுறை கேட்கலாம். வேண்டாம் என்றால் அன்றே எடுக்க வேண்டும், காரணம் கேட்டு நிறுத்திவைக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். சும்மா பிடிக்காமலும் போயிருக்கலாம். எடுத்துவிட மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை, அடுத்த பத்துப் பெண்கள் வராமல் போவதற்குப் போதும். வைக்கப் பயிற்சி கொடுக்கும் அதே நாளில் எடுக்கவும் பயிற்சி கொடுங்கள். வைக்கும் கருவிப் பெட்டியும் எடுக்கும் கருவிப் பெட்டியும் ஒன்றாகவே வண்டியில் ஏறட்டும். எடுக்க முடியாத இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே ஆழமாகப் போய் விரலில் தட்டுப்படாத குச்சியைக் களத்தில் கத்தி போட்டுத் தேடக் கூடாது. அதற்கு எந்த மருத்துவமனை, செலவு யாருடையது என்று முதல் குச்சியை வைப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். போக்குவரத்து உட்பட எல்லாச் செலவும் உங்களுடையது என்பதே என் கருத்து.

படி 8: எதை எண்ணுவது

நன்கொடையாளர்களுக்குத் தம்பதி-பாதுகாப்பு ஆண்டு என்ற கணக்கு பிடிக்கும். 120 ஆணுறை, அல்லது 15 மாத்திரை அட்டை, அல்லது 4 ஊசி என்றால் ஓராண்டுப் பாதுகாப்பு. ஒரு காப்பர்-டி 4.6 ஆண்டு. சரக்கு எவ்வளவு போனது என்று பார்க்க இது உதவும். ஆனால் கணக்கில் காப்பர்-டிக்கு எடை அதிகம் என்பதால், எண்ணிக்கை துரத்தும் மேலாளர் தெரியாமலே பணியாளர்களை அந்தப் பக்கம் சாய்ப்பார். ஏழாம் மாதம் எடுத்துவிட்டால் அந்த 4.6-இலிருந்து யாரும் எதையும் கழிப்பதில்லை.

வாசலில் நின்று வெளியே வருபவரிடம் நான்கு கேள்வி கேட்டால் அதைவிடத் தெளிவாகத் தெரியும். வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா? பக்க விளைவு சொன்னார்களா? வந்தால் என்ன செய்வதென்று சொன்னார்களா? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்களா? நான்குக்கும் 'ஆமாம்' என்பவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று மாதாமாதம் பாருங்கள். கேட்பவர் அந்த நிலையத்துப் பணியாளராக இருக்கக் கூடாது. கூடவே, எடுக்கச் சொல்லிக் கேட்டவர்களில் அன்றே எடுக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று ஒரு பத்தி. இந்த எண்களை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், பணியாளர்களின் பேச்சு மாறும்.

படி 9: பணம் நிற்கும், நீங்களும் போவீர்கள்

2021-இல் பிரிட்டன், ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கருத்தடைப் பொருள் திட்டத்துக்குத் தந்துவந்த பணத்தில் சுமார் 85 சதவீதத்தை வெட்டியது. 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. இரண்டு முடிவுகளும் எங்கோ தலைநகரத்தில் எடுக்கப்பட்டவை, ஆனால் காலியானது கடைசி ஊரின் அலமாரி. ஒரே நன்கொடையாளரை நம்பாதீர்கள். ஆறு மாத இருப்பை அரசுக் கிடங்கு வழியாகவே வாங்கப் பழகுங்கள். வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கி இல்லாதவருக்கு ஈடுகட்டும் வழியும் உண்டு. கொலம்பியாவில் 1965-இல் தொடங்கிய புரோஃபமிலியா என்ற குடும்ப நல அமைப்பு அப்படித்தான் பிற சேவைகளின் வருமானத்தைக் கொண்டு தன் காலில் நிற்கக் கற்றது. ஆனால் மிகத் தொலைவான ஊரில் கட்டணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வெளியேறும் திட்டத்தை முதல் ஆண்டே எழுதுங்கள். அதில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: யார் யாருக்குக் குச்சியோ காப்பர்-டியோ வைத்திருக்கிறோம், எந்த மாதம், எந்த ஆண்டு காலாவதி. ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டும் அரசு நிலையத்து நர்ஸிடம் நேரில் ஒப்படையுங்கள். சம்மதிக்காதவர்களிடம் அவர்களுடைய தேதியையும் எடுத்துவிடும் இடத்தையும் வாயால் சொல்லுங்கள், அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை. எடுக்கும் கருவிப் பெட்டியையும் அந்த நர்ஸிடமே விட்டுவிட்டு வாருங்கள்.